ஊசிக்கு முன் ஒரு ஸ்கேன்

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர் என் அண்ணி. தொடையிலும் முழங்காலுக்குக் கீழேயும் சிவப்பும் நீலமுமாக மெல்லிய நரம்புகள் படர்ந்துவிட்டன. ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத இவற்றை ஊசி மருந்தால் மறையவைக்கும் ஸ்க்ளீரோதெரபி சிகிச்சைக்கு அவருக்குத் துணையாகப் போயிருந்தேன்.

முதலில் டாப்ளர் ஸ்கேன். அண்ணியை நிற்கவைத்தே பார்த்தார்கள். டாக்டர் கெண்டைக்காலை அழுத்தியதும் திரையில் ரத்தம் மேலே ஏறியது. கையை எடுத்ததும் அது கீழே திரும்புகிறதா என்று கவனித்தார். திரும்பினால் உள்ளே ஓடும் பெரிய நரம்பின் வால்வு பழுது என்று அர்த்தம்.

"அதைச் சரிபண்ணாம மேல இருக்கிறதை மட்டும் மூடினா, மறுபடியும் வரும்மா" என்றார்.

அண்ணிக்கு வால்வுகளில் குறை இல்லை. கர்ப்பமா, முன்பு காலில் ரத்தம் உறைந்ததுண்டா, மருந்து ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டு, காலைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மருந்தின் பெயர் பாலிடோகனால். மரத்துப்போகச் செய்யும் மருந்தாகத்தான் அது முதலில் உருவானது. அதனால் எரிச்சல் குறைவு. தலைமுடி போன்ற ஊசி உள்ளே போனதும் சிவப்புக் கோடு கண்ணெதிரே வெளுத்தது. மருந்து பட்டு உட்சுவர் புண்ணாகி ஒட்டிக்கொள்ள, மூடிய நரம்பை உடலே மெல்லக் கரைத்துவிடும். சற்றுத் தடித்த நரம்புகளுக்கு, இரண்டு சிரிஞ்சுகளை இணைத்து மருந்தையும் காற்றையும் நுரையாக அடித்துச் செலுத்துவதும் உண்டு.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு" என்றார் அண்ணி.

பஞ்சு வைத்து ஒட்டி, இறுக்கமான காலுறையை மாட்டி, உடனே நடக்கச் சொன்னார்கள். ஊசி போட்ட இடம் சில மாதங்கள் பழுப்பாகத் தெரியலாம். அபூர்வமாகப் புண்ணும் ஆகலாம். கால் வீங்கி வலித்தாலோ மூச்சு திணறினாலோ தாமதிக்காமல் வரவேண்டும். நரம்பு மறையச் சில வாரங்கள் பிடிக்கும். பலருக்கு ஒரே தடவையில் முடிவதில்லை.

மூடிய நரம்பு போகும். புதிது வராது என்று யாரும் உறுதி தரமுடியாது. பரம்பரை, பிரசவம், நெடுநேரம் நிற்பது எல்லாம் காரணமாகலாம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழகத்தில் 2021-லேயே சட்டம் திருத்தப்பட்டது. அந்த நாற்காலியைக் கேட்டு வாங்குங்கள். ஊசிக்குப் போனால், ஸ்கேன் பார்க்காமல் காலைக் கொடுக்காதீர்கள்.