ஏகாந்த வீணை

வீணை வாங்கப் போகிறவர்களிடம் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "ஒட்டா, ஏகாண்டமா?" என்பதுதான். குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் தனித்தனியே செதுக்கிச் சேர்த்தால் ஒட்டு வீணை. மூன்றையும் ஒரே பலாமரத் துண்டில் குடைந்து எடுத்தால் ஏகாண்ட வீணை. பேச்சு வழக்கில் அது 'ஏகாந்த வீணை' ஆகிவிட்டது. நான் சொல்லப்போகும் வீணைக்கு இரண்டு பெயருமே பொருந்தும். ஒரே மரத்தில் பிறந்தது. பிறகு இருபது வருஷம் மயிலாப்பூரில் ஒரு வீட்டுப் பரணில் ஏகாந்தமாகவே கிடந்தது!

என் பெண்ணுக்குப் பத்து வயது. இரண்டு வருஷமாக வீணை கற்றுக்கொள்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் தம் வீட்டுக்கு வந்து வாசித்துவிட்டுப் போனால் போதாது, வீட்டிலும் சாதகம் செய்யவேண்டும் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெட்டியில் அடக்கமாக வைத்துக்கொள்ளும் மின்சார வீணை வந்திருக்கிறதே, அதை வாங்கிவிடலாம் என்றார் என் கணவர். இரண்டு அறை உள்ள ஃபிளாட்டில் நாலடி நீள வாத்தியத்தை எங்கே வைப்பது என்பது அவர் கவலை. குடும்பம் நடத்துகிற உங்களுக்கு அதில் உள்ள நியாயம் புரியும்.

அந்தச் சமயத்தில் டீச்சரே ஒரு சேதி சொன்னார். சித்திரக்குளத்துப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள். அந்த வீட்டு மாமி, பிள்ளையோடு வேறு இடத்துக்குப் போகிறார். மாமியாருடைய தஞ்சாவூர் வீணை ஒன்றை விற்க நினைக்கிறார். "ஏகாண்டம் என்கிறார்கள், போய்ப் பாருங்கள்" என்றார் டீச்சர்.

துணைக்கு என் தம்பியை அழைத்துக்கொண்டேன். அடையாற்றில் இருக்கிறான். கம்ப்யூட்டர் உத்தியோகம்; ஜாஸ் பைத்தியம். கையால் செய்த பழைய 'ஆர்ச்டாப்' கித்தார் ஒன்றுக்காக வருஷக் கணக்கில் ஏங்குகிறவன். போகிற வழியெல்லாம் அந்தப் புராணம்தான். சாதாரணக் கித்தாரின் மேல்பலகை தட்டையாக இருக்கும். ஆர்ச்டாப்பிலோ, கனமான மரத்தை வயலின் போல நடுவில் மேடாகச் செதுக்குவார்கள். துவாரங்களும் வயலின் பாணிதான். அமெரிக்காவின் கிப்ஸன் கம்பெனி 1922-ல் கொண்டுவந்த 'எல்-5' இதற்கெல்லாம் முன்னோடியாம். நியூயார்க்கில் ஜான் டாஞ்செலிகோ என்பவர் 1932-ல் சொந்தப் பட்டறை வைத்து, 1964-ல் காலமாகும் வரையில் 1,164 கித்தார்கள் செய்தாராம். ஒவ்வொன்றையும் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாராம்!

"அந்த வகைக் கித்தாரில் நம்முடைய ராகத்தையே வாசித்திருக்கிறார்கள், அக்கா" என்றான். பிரிஜ் பூஷண் காப்ரா அதை மடியில் கிடத்தி ஹிந்துஸ்தானி சங்கீதம் வாசித்தார். சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் இரண்டோடும் அவர் சேர்ந்து வாசித்த 'கால் ஆஃப் தி வேலி' என்ற இசைத்தட்டு 1967-ல் வந்தது. பிறகு விஸ்வ மோகன் பட் அத்தகைய கித்தாரில் இன்னும் பல தந்திகளை ஏற்றி, 'மோகன வீணை' என்று பெயரும் வைத்து, 1994-ல் கிராமி பரிசே வாங்கிவிட்டார்.

"சரிதான்! கித்தார் வீணையாகி உலகம் சுற்றுகிறது, நிஜ வீணை பரணில் கிடக்கிறது" என்றேன்.

மாமிக்கு எண்பது வயது இருக்கும். "வாங்கோ, உட்காருங்கோ" என்று கூடத்தில் ஜமக்காளம் விரித்தார். வீணையைப் பார்த்ததும் என் பெண்ணின் முகம் சுண்டிவிட்டது. தந்தி ஏழும் துரு. மெட்டுகளைத் தாங்கும் கறுப்பு மெழுகு பாளம் பாளமாய் வெடித்திருந்தது. மெட்டுகளில் ஒன்று இருந்த இடமே காலி. சுரைக்காயில் ஒரு பக்கம் நசுங்கல்.

ஆனால் இவை எல்லாம் மாற்றக்கூடியவை. மாற்ற முடியாததைப் பார்க்கவேண்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். யாளி முகத்தின் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் தண்டியை நோக்கினேன்; வளைவு இல்லை. குடமும் தண்டியும் சேரும் இடத்தைத் தம்பி விரலால் தடவினான், இணைப்பு இல்லை. குடத்தின் மேல்பலகையில் கீறல் இல்லை. விரல் முட்டியால் லேசாகத் தட்டியபோது நாதம் நிதானமாக எழுந்து, நிதானமாக அடங்கியது. தம்பி என்னைப் பார்த்தான். வாங்கு என்று அர்த்தம்.

விலை பேசும்போதுதான் சங்கடம் முளைத்தது. தியாகராய நகரில் உள்அலங்காரத் தொழில் செய்யும் ஒருவர் முதல் நாளே வந்து போயிருந்தார். ஒரு ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்துச் சுவருக்கு இந்த வீணை வேண்டுமாம். என்னால் முடிந்த தொகையைவிடப் பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகத் தருகிறாராம். என்னால் முடிந்ததே என் இரண்டு மாதச் சம்பளம். பழுது பார்க்கும் செலவு வேறு காத்திருந்தது.

"அவருக்கு மெட்டு, தந்தி எதுவும் வேண்டாமாம். பாலீஷ் போட்டால் போதுமாம்" என்றார் மாமியின் பிள்ளை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீடு மாறுகிறவருக்குப் பணத்தின் அருமை தெரியும்.

மாமி அதற்குப் பதில் சொல்லவில்லை. என் பெண்ணைப் பார்த்து, "ஏண்டி குழந்தே, ஏதாவது வாசியேன்" என்றார்.

துருப்பிடித்த தந்தியை அவளே பிரடையைத் திருகி ஒரு மாதிரி சுருதி சேர்த்துக்கொண்டாள். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. ஸ, ரி, க வந்தது. அடுத்தது மத்தியமம். விழுந்து போயிருந்த மெட்டு அதுதான்! நான் கையைப் பிசைந்தேன். அவளோ நிற்கவே இல்லை. காந்தார மெட்டிலேயே விரலை வைத்து, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மத்தியமத்தைப் பேசவைத்துவிட்டு மேலே போய்விட்டாள். வீணையில் ஒரு மெட்டிலிருந்து தந்தியை இழுத்தே அடுத்த ஸ்வரங்களை வாங்கலாம். அதற்குக் கை போதாது, காது வேண்டும்.

"இவளுக்குக் காது இருக்கு. இவளுக்குத்தான்" என்றார் மாமி. பிள்ளை தாயாரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

வாசகிகளே, அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? மகிழ்ச்சியோடு தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் வயதானவரின் பிரியத்தைப் பயன்படுத்தி விலையைக் குறைத்த மாதிரி ஆகிவிடாதா? "மீதிப் பத்தாயிரத்தை மாதம் இரண்டாயிரமாக ஐந்து மாதத்தில் கொடுத்துவிடுகிறேன்" என்றேன். பிள்ளையின் முகம் தெளிந்தது. மாமி மட்டும் தம் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டார்: "தந்தியைத் துருப்பிடிக்க விடாதே. மெழுகு வெடிச்சா உடனே மேளம் கட்டிடு."

மெட்டுகளைப் பெயர்த்து, புது மெழுகில் பதிப்பதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். தேன்மெழுகையும் கரியையும் சேர்த்துக் காய்ச்சி, தண்டியின் இரு விளிம்பிலும் கரை கட்டி, 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்தவேண்டும். வீணைக்கு இந்த 24 மெட்டு ஒழுங்கு, 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் அமைந்தது என்பார்கள். எங்கள் வீணைக்கு மேளம் கட்டிய ஆசாரி மூன்று நாள் எடுத்துக்கொண்டார். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னேன். "பெயருக்குக் காவல் போட்டாச்சு, நல்லதுதான். இந்த வேலையைக் கத்துக்க ஆள் வந்தால் இன்னும் நல்லது" என்றார். அவருடைய பிள்ளைகள் இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. பழைய வாத்தியத்தை வாங்குகிறவர் மரத்தையும் தந்தியையும் மட்டும் வாங்குவதில்லை. சாதகம் செய்யும் ஒரு குழந்தையையும், மேளம் கட்டும் ஓர் ஆசாரியையும் சேர்த்துத் தேடிக்கொள்கிறார். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் எந்த வீணையும் சுவரலங்காரம்தான்.

உங்கள் வீட்டிலும் பாட்டி வாசித்த வீணை ஒன்று இருக்கலாம். ஒரு நாள் இறக்கித் துடைத்துப் பாருங்கள். வெயில் படுகிற இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். வாசிக்க ஆள் இல்லையென்றால், வாத்தியம் இல்லாமல் தவிக்கும் ஒரு குழந்தையைத் தேடிப் பிடியுங்கள்.

நாலடி வாத்தியத்துக்கு எங்கள் வீட்டில் இடம் எப்படிக் கிடைத்தது என்கிறீர்களா? ஸோபாவை விற்றுவிட்டோம். வருகிறவர்களுக்கெல்லாம் இப்போது ஜமக்காளம்தான். அதில் முதலில் உட்கார்ந்து, சாதகம் முடிகிற வரையில் எழுந்திருக்காமல் கேட்கிறவர் என் கணவர்!