மாமரச் சிமிழும் இரண்டு சுற்று மரையும்

உங்கள் இல்லத்தில் மரத்தால் கடைந்த பழைய சிமிழ் ஏதேனும் இருந்தால், ஐப்பசி அடைமழையில் ஒரு முறையும் சித்திரை வெயிலில் ஒரு முறையும் அதைத் திறந்து பாருங்கள். மழையில் மூடி பிடிவாதம் பிடிக்கும். வெயிலில் கவிழ்த்தால் தானே கழன்று விழும். மரம் வெட்டுண்டு எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் காற்றின் ஈரத்தைக் குடிப்பதையும் கக்குவதையும் நிறுத்துவதே இல்லை. நீளவாக்கில் அது ஏறக்குறைய மாறாது, குறுக்குவாக்கில்தான் பருக்கும். அந்தப் பருமனும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இராது. வளையங்களை ஒட்டிய திசையில் பருப்பது, நடுவிலிருந்து வெளிநோக்கிப் பருப்பதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. எனவே வட்டமாகக் கடைந்த மூடி மழைக்காலத்தில் நீள்வட்டமாகி, சிமிழின் வாயை இரண்டு பக்கம் கவ்விக்கொள்கிறது. எங்களைப் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு இது ஆண்டுதோறும் நடக்கும் கூத்து.

என் உம்மாவுக்கு இப்போது 86 வயது. வாப்பா வஃபாத்தான நாள் முதலாய், அவர்கள் அணிந்திருந்த வெள்ளி மோதிரத்தை உம்மா அம்பாசமுத்திரத்து மரச்செப்பு ஒன்றில் வைத்திருந்தார்கள். அரக்கு வண்ணம் ஏற்றிய அந்தச் செப்புச் சாமான்களை வைத்து விளையாடாத சிறுமியர் நம் தலைமுறையில் குறைவு. அந்தச் செப்பின் மூடிக்கு மரை கிடையாது, இறுக்கத்தாலேயே நிற்பது. ஐந்தாண்டுகளுக்கு முன் பக்கவாதம் தாக்கி உம்மாவின் இடக்கை வலுவிழந்த பிறகு, அந்த மூடியை இழுத்துத் திறப்பது அவர்களால் இயலாமற் போயிற்று. பிடிக்கிற கைக்கும் இழுக்கிற கைக்கும் சமமான வலு வேண்டுமல்லவா?

இரவு உறங்கப் போகுமுன் அந்த மோதிரத்தை ஒரு முறை எடுத்துப் பார்ப்பது உம்மாவின் வழக்கம். அதற்காக ஒவ்வோர் இரவும் மருமகளையோ பேத்தியையோ கூப்பிட வேண்டியதாயிற்று. யாரும் முகம் சுளித்ததில்லை. ஆயினும் கேட்பவருக்குத்தானே அந்தக் கூச்சம் தெரியும்! சில மாதங்களில் உம்மா கேட்பதையே விட்டுவிட்டார்கள். செப்பு தலையணை அருகில் மூடியபடியே இருந்தது.

திருகு மூடி இருந்தால் இந்தச் சங்கடம் இல்லை. சிமிழின் அடியில் ஒரு தோல் துண்டை ஒட்டி மேசை மேல் வைத்துவிட்டால் அது வழுக்காது. வலுவிழந்த கையால் சும்மா அணைத்துக்கொண்டு, மறு கையால் திருகிவிடலாம். சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் 22 ஆண்டுகள் இரும்பில் மரை வெட்டிப் பிழைத்தவன் நான். ஓய்வுக்குப் பின் பொழுதுபோக்காக மரம் கடைந்து வருகிறேன். இந்த வேலை என் கைக்கே வந்த வேலை என்று தோன்றிற்று.

எந்த மரத்தில் கடைவது என்பதை மட்டும் உம்மாவே முடிவு செய்துவிட்டார்கள். 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபோது, எங்கள் கொல்லை மாமரம் வேரோடு சாய்ந்தது. உம்மா மணமுடித்து வந்த ஆண்டில் வாப்பா நட்ட மரம் அது. தென்னந்தோப்புகளையே இழந்து நின்ற ஊரில் ஒரு மாமரத்தை எவர் கவனிப்பார்? அடிமரம் ஓராண்டுக்கு மேல் ஈர மண்ணில் கிடந்தது. பிறகு அறுத்துப் பார்த்தபோது பெரும்பகுதி கறையானுக்கு இரையாகியிருந்தது. கட்டை என்று சொல்லத்தக்கவை இரண்டே தேறின.

அவற்றின் அழகு தனி. வெளிர்ந்த மரத்தின் மீது மையால் வரைந்தாற்போல் கரிய கோடுகள் வளைந்து நெளிந்து ஓடின. மரத்தினுள் குடியேறிய பூஞ்சைகள் தத்தம் எல்லையைக் காத்துக்கொள்ள எழுப்பும் சுவர்களே அக்கோடுகள். ஆனால் எல்லைக்குள் அவை சும்மா இருப்பதில்லை. மர இழைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பொருளை உண்டுவிடுகின்றன. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில் இருந்தன அக்கட்டைகள்.

மரை வெட்ட இதைவிடப் பொருந்தாத மரம் இராது. ஏன் என்று சற்றே விளக்கிவிடுகிறேன். சிமிழ் கடையும்போது மரத்தின் இழை சிமிழின் உயரவாக்கில் ஓடும்படி வைப்பது வழக்கம். மரையின் மேடோ அந்த இழைகளைக் குறுக்கே வெட்டி எழுவது. ஆதலால் அம்மேட்டிலுள்ள இழை ஒவ்வொன்றின் நீளமும் இரண்டு மில்லிமீட்டர்தான். அத்துண்டு இழைகள் பக்கத்து இழையைப் பற்றிக்கொண்டு நிற்க வேண்டும். கருங்காலி போன்ற நெருக்கமான மரத்தில் அவை நிற்கும். நல்ல மாமரத்திலேயே உதிரத் தலைப்படும். பூஞ்சை தின்ற மாமரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், நனைந்த ரொட்டிதான்.

இங்கேதான் பிசின் ஊட்டும் முறை துணைக்கு வந்தது. மரத்துக்குள் வேறொரு பொருளைச் செலுத்தி அதை நிலைப்படுத்துவது புதிய எண்ணம் அன்று. அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள காட்டுப்பொருள் ஆய்வகத்தில் ஆல்ஃபிரட் ஸ்டாம் என்ற அறிஞர் இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே இதற்கு ஃபீனால் பிசினைக் கையாண்டார். 1628இல் முதல் பயணத்திலேயே மூழ்கிய சுவீடன் நாட்டுப் போர்க்கப்பல் வாசாவை 1961இல் கடலடியிலிருந்து எடுத்தார்கள். அதன் மரங்கள் உலர்ந்து வெடித்துவிடாதபடி 1962 முதல் 1979 வரை பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். பதினேழு ஆண்டுகள்! நம் சிறு கட்டைக்கு அவ்வளவு பொறுமை தேவைப்படவில்லை. இன்று மரம் கடைவோர் கையாள்வது வெப்பத்தில் இறுகும் மெத்தாகிரிலேட் பிசின். பல்செட்டின் ஈறுப் பகுதி எந்தக் குடும்பத்துப் பொருளால் ஆனதோ, அதே குடும்பம்தான்.

முதலில் கட்டையை முற்றிலும் உலர்த்த வேண்டும். நிழலில் சில ஆண்டுகள் காய்ந்திருந்த கட்டையைச் சிறிய மின்சார ஓவனில் 105 பாகை செல்சியஸில் ஒரு முழு நாள் வைத்தேன். எடை இனிக் குறையவில்லை என்று தராசு சொன்னபோது அது 186 கிராம் இருந்தது. (சமையலுக்குப் பயன்படும் ஓவனை இதற்குத் தொடவே கூடாது, சகோதரிகளே. ஆடவர் கேட்டால் மறுத்துவிடுங்கள்.) சூடு ஆறும்வரை கட்டையைக் காற்றுப் புகாத பையில் அடைத்து வைக்க வேண்டும், இல்லையேல் எங்கள் ஊர்க் காற்றிலிருந்து போன ஈரத்தை மீண்டும் குடித்துவிடும்.

பிறகு தடித்த பாத்திரத்தில் கட்டையை இட்டு, மிதக்காமல் பாரம் வைத்து, மூழ்கப் பிசினை ஊற்றி, பம்பினால் காற்றை உறிஞ்சினேன். மர நுண்ணறைகளிலிருந்து காற்று வெளியேறும் காட்சி சோற்றுப்பானை கொதிப்பதை ஒக்கும். குமிழ்கள் அடங்கப் பல மணி நேரம் ஆயிற்று. பம்பை நிறுத்திக் காற்றை உள்ளே விட்டதும், வெளிக்காற்றின் அழுத்தமே பிசினை மரத்துக்குள் தள்ளுகிறது. இந்த இரண்டாம் கட்டத்தில்தான் மரம் குடிக்கிறது என்பதால் இரவு முழுவதும் அப்படியே ஊற விட்டேன். மறுநாள் அலுமினியத் தாளில் சுற்றி, 90 பாகையை ஒட்டிய வெப்பத்தில் மூன்று மணி நேரம் வைத்தேன். வெளியே கசிந்து இறுகியதைச் சுரண்டிய பின் கட்டையின் எடை 341 கிராம். நகம் இறங்கிய இடத்தில் இப்போது நகம்தான் முறியும்.

ஒன்றைக் கூறியாக வேண்டும். இவ்வாறு செய்த மரத்தை ‘நிலைப்படுத்திய மரம்’ என்கிறார்கள். அந்தப் பெயர் சற்று மிகையானது. இந்தப் பிசின் நுண்ணறைகளின் வெற்றிடத்தை நிரப்புகிறதே ஒழிய, அறைச்சுவர்களுக்குள் பெரும்பாலும் புகுவதில்லை. ஸ்டாமின் ஃபீனால் பிசினும் வாசாவுக்குத் தெளித்த பொருளும் சுவருக்குள்ளேயே சென்று அமர்பவை. நாம் செய்வதில் ஈரம் புகும் வேகம் வெகுவாகக் குறைகிறது. அசைவு அறவே நிற்பதில்லை. ஆகவே மரைக்குச் சிறிது தளர்வு தந்தே தீர வேண்டும்.

இரும்பில் மரை வெட்டும்போது எந்திரமே உளியை நகர்த்தும். மரத்தில் சீப்பைப் போல் பல்வரிசை கொண்ட உளியைக் கையால் நகர்த்த வேண்டும். அங்குலத்துக்குப் பத்து மரை கொண்ட பருத்த பல்லைத் தேர்ந்தேன். இரண்டே சுற்றில் திறக்க வேண்டும் என்பதால் கழுத்தின் நீளம் 6 மில்லிமீட்டர்தான். நிமிடத்துக்கு 200 சுற்றில் ஓடினாலும் அந்த 6 மில்லிமீட்டரை உளி முக்கால் விநாடிக்குள் கடந்துவிடும். அதற்குள் தொட்டு, ஓடி, விலகிவிட வேண்டும். கைக்குத் தாளம் பிடிபட்டால் வேலை எளிது. முதலில் மூடியின் உள்மரை, அதற்குப் பொருந்தச் சிமிழின் வெளிமரை. மூடியின் துவாரம் 48 மில்லிமீட்டர், கழுத்து 50.5. மழைக்கால அசைவுக்காகக் கால் மில்லிமீட்டருக்குச் சற்றே மேற்பட்ட இடைவெளி விட்டேன். மரையின் முகடுகள் ஒன்றுகூட உதிரவில்லை.

எஞ்சியது கரிய கோடுகளை இணைப்பது. மூடியை இறுக்கியதும், மூடியின் கோடு சிமிழின் கோட்டோடு சேர்ந்து ஓட வேண்டும். சேராவிட்டால் சிமிழின் தோள்பட்டையை மயிரளவு சீவ வேண்டும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் சீவினால் மூடி 14 பாகை கூடுதலாகத் திரும்பும். அப்படியே சீவிச் சீவிச் சேர்த்தேன். கழுத்துக்காக நடுவில் போன மரத்தின் அளவுக்குக் கோட்டில் ஒரு சிறு தடம் மாறல் இருக்கவே செய்கிறது. பிசினில் சாயம் கலந்து நீலமும் ஊதாவுமாகச் செய்வோர் உண்டு. அது எனக்கு உவப்பில்லை. மாமரம் மாமரமாகவே தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். மெருகுக்கு நீர் தொட்டு உப்புத்தாள், மரைக்குச் சிறிது தேன்மெழுகு, அவ்வளவுதான். கடையும்போது பறக்கும் தூளுக்கு முகமூடி கட்டாயம்.

நண்பர் ஒருவர் சிமிழைப் பார்த்துவிட்டு, “பாதிக்குப் பாதி பிளாஸ்டிக் அல்லவா இது?” என்றார். எடைக் கணக்கில் அவர் கூற்று ஏறக்குறையச் சரியே. நான் மறுக்கவில்லை. பிசின் இல்லாவிட்டால் இது அடுப்பில் எரிந்திருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

உம்மா அதை முதலில் மூக்கருகே கொண்டுபோனார்கள். “மாமர வாடையே இல்லையே வாப்பா” என்றார்கள். உண்மைதான், அதைப் பிசின் மூடிவிட்டது. பிறகு மேசையில் வைத்து இடக்கையை மேலே சாய்த்து வலக்கையால் திருகினார்கள். இரண்டு சுற்று. மூடி கையோடு வந்தது. மூடினார்கள், மீண்டும் திறந்தார்கள். நான் அறையை விட்டு வரும்போது நான்காம் முறை திறந்துகொண்டிருந்தார்கள்.

இப்போது ராத்தா தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறார். எஞ்சிய கட்டையில் கறையான் வழிகள் இருக்கின்றன. நுண்ணறையில் தங்கும் பிசின் அத்தகைய பெரிய துவாரங்களில் தங்காது, வெளியே எடுத்ததும் வழிந்துவிடும். ஒரு முனையில் மட்டும் நான்கு விரல் அகலத்துக்குத் துவாரமில்லாத மரம் தெரிகிறது. மரையை அங்கே வைத்துக்கொள்ளலாம். கட்டையை நேற்று ஓவனில் ஏற்றியிருக்கிறேன். காலையில் நிறுத்தபோது 9 கிராம் குறைந்திருந்தது, இன்னும் குறைந்துகொண்டிருக்கிறது.