கோல் கம்பங்களுக்கு இடையில்

உதைபந்தாட்டத்தில் ஏனைய பத்து வீரரும் தாம் செய்தவற்றால் மதிக்கப்படுகின்றனர். கோல் காப்பாளன் ஒருவன் மாத்திரம் நிகழாமற் போனவற்றைக் கொண்டு மதிக்கப்படவேண்டியவனாகின்றான். நிகழாத ஒன்றை எங்ஙனம் எண்ணுவது? முல்லைத்தீவுக் கடற்கரையை அண்டிய மைதானமொன்றில், சோளகக் காற்றுப் புழுதியை வாரி இறைத்த ஒரு பிற்பகலில், இளைஞர் அணியொன்றுக்கு வீரரைத் தெரிவு செய்யக் கூடிய மூவர் முன்னிலையில் எழுந்த வினா இதுவேயாகும்.

காப்பாளன் இடத்துக்கு இருவர் போட்டியிட்டனர். ஒருவன் தனது ஆட்டத்தில் ஒரு கோலும் விடவில்லை. இருமுறை அந்தரத்தில் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டுக் கரகோஷமும் பெற்றான். மற்றவன் பத்தொன்பது வயதினன். கரைவலைத் தொழிலாளி ஒருவரின் மகன். அவனுடைய வலைக்குள் பந்து மூன்று தடவை புகுந்தது. பார்த்து நின்ற சனங்களைப் பொறுத்தவரை வழக்கு அவ்விடத்திலேயே தீர்ந்துவிட்டது.

தெரிவாளர் இருவர் நடுக்கோட்டுக்கு நேரே பந்தலின் நிழலில் அமர்ந்திருந்தனர். மூன்றாமவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இளமையில் தாமும் கோல் காத்தவர். ஊரார் அவரை ‘மாஸ்ரர்’ என்றே அழைப்பர். அவர் தமது கதிரையைத் தூக்கிச் சென்று, வெயிலையும் பொருட்படுத்தாது கோல் வலையின் பின்புறத்தே இட்டுக்கொண்டார். கையிலே ஓர் அப்பியாசக் கொப்பி. அதில் அவர் கோல்களை எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் பந்து உதைக்கப்பட்ட அந்தக் கணத்தில் காப்பாளனின் கால்கள் எங்கே நின்றன என்பதைப் புள்ளியிட்டுக் குறித்துக்கொண்டிருந்தார்.

இதன் பொருளைச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். கோலின் அகலம் 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர். 11 மீற்றர் தொலைவிலிருந்து மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் உதைக்கப்படும் பந்து அரை விநாடிக்குள் கோட்டைக் கடந்துவிடும். அவ்வளவு அகலத்தையும் அவ்வளவு நேரத்துள் மனித உடல் ஒன்று மறைத்தல் இயலாது. ஆகவே தேர்ந்த காப்பாளன் கோட்டிலே நில்லாது, பந்தை நோக்கி இரண்டொரு அடி முன்வந்து, உதைப்பவனுக்குத் தெரியும் இடைவெளியைச் சுருக்குகின்றான். சரியான இடத்தில் நிற்பவனிடம் பந்து தானாக வந்து மார்பில் விழுகின்றது. பார்ப்போர் உதைத்தவனைத் திட்டுகின்றனரேயன்றி நின்றவனைப் பாராட்டுவதில்லை. பிழையான இடத்தில் நின்றவனோ பாயவேண்டியவனாகின்றான், பாராட்டும் பெறுகின்றான். அன்று இளையவனை நோக்கி வந்த பதினொரு உதைகளுள் ஒன்பதிற்கு அவன் நின்ற இடம் சரியெனக் கொப்பி கூறியது. தவறிய இரண்டில் ஒன்றை அவன் நீளப் பாய்ந்து தடுத்தான். அவனுக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதற்கே கிடைத்தது!

இப்புள்ளியிடும் பழக்கம் மாஸ்ரருக்கு உதைபந்தாட்டத்தின் வழி வந்ததன்று. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் வாழும் மகளுடன் ஒரு மாரிகாலம் தங்கியிருந்த வேளை, பனிக்கட்டித் தளத்தில் ஹொக்கி ஆடும் பேரனின் பயிற்றுநர் அவ்வாறு குறிப்பதைக் கண்டு பழகிக்கொண்டார். அவ்வாட்டத்தில் கோல் சிறியது, அகலம் 1.83 மீற்றர், உயரம் 1.22 மீற்றர். பந்துக்குப் பதிலாக ஏறத்தாழ 170 கிராம் நிறையுள்ள இறப்பர் வட்டு. அது மணிக்கு 140 கிலோமீற்றருக்கு மேலும் விரைந்து வரும். ஆயினும் இடைவெளியைச் சுருக்கும் கலை இரண்டுக்கும் ஒன்றே. முதற்றரக் கழகங்களின் காப்பாளர் தம்மை நோக்கி வரும் நூறு அடிகளில் தொண்ணூறு அளவில் தடுக்கின்றனர். சாதாரணமானவனுக்கும் மிகச் சிறந்தவனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று மட்டுமே. அதைக் கண்டறிய நூற்றுக்கணக்கில் அல்ல, ஆயிரக்கணக்கில் அடிகளைப் பார்க்கவேண்டும். நம் மாவட்டத் தெரிவாளர்களோ பதினொன்றைப் பார்த்துத் தீர்ப்பளிக்கின்றனர்.

பணமும் படக்கருவிகளும் நிறைந்த இடங்களிலேயே இம்மதிப்பீடு தடுமாறியமைக்கு ஒரு சான்றுண்டு. 2000 ஆம் ஆண்டில் வட அமெரிக்கத் தேசிய ஹொக்கி லீக்கிற்கு இளம் வீரர்கள் தெரிவு செய்யப்பட்டபோது முதலாவதாகப் பெயர் கூறப்பட்டவர் ஒரு காப்பாளர், றிக் டிப்பியெற்றோ. அதே தெரிவில் 205 ஆவதாக ஹென்றிக் லுண்ட்க்விஸ்ற் என்ற சுவீடன் நாட்டு இளைஞரின் பெயர் வந்தது. முன்னவருக்கு 2006 இல் பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் வழங்கிய கழகம் 2013 இல் பணங்கொடுத்து அதனை முடித்துக்கொண்டது. பின்னவர் 459 வெற்றிகளைப் பெற்று, 2012 இல் ஆண்டின் சிறந்த காப்பாளருக்கான விருதையும் வென்றார். டிப்பியெற்றோவின் திறமை பொய்யன்று. தொடர்ந்த காயங்களே அவரை வீழ்த்தின என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும். ஆனால் லுண்ட்க்விஸ்ற்றுக்கு முன்னே இருநூற்று நான்கு பெயர்கள் எங்ஙனம் வந்தன என்பதற்கு அந்த விளக்கம் போதாது.

இவ்விரு ஆட்டங்களிலும் கோல் காத்த ஒருவரும் இருந்தார். உருசியரான லெவ் யாஷின் 1950 இல் மொஸ்கோ டைனமோ அணியில் இடம்பெற்றபோது சோபிக்கவில்லை. மீண்டும் அங்கு நிலைபெற அவருக்கு மூன்று ஆண்டுகள் சென்றன. அவ்விடைக்காலத்தில் அவர் பனிக்கட்டி ஹொக்கியில் காப்பாளராக நின்றார். 1953 இல் சோவியத் கிண்ணத்தை வென்ற அணியிலும் இருந்தார். பத்தாண்டுகள் கழிந்து, 1963 இல் ஐரோப்பாவின் தங்கப்பந்து விருதைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற வேறொரு கோல் காப்பாளர் இன்றுவரை இலர்.

முல்லைத்தீவு மைதானத்துக்கு மீள்வோம். மூன்று கோல்களில் ஒன்று தற்காப்பு வீரனின் முழங்காலிற் பட்டுத் திசைமாறியது. இன்னொன்று தண்ட உதை. நடுவில் விழுந்த இரண்டாவது கோல் ஐயத்துக்கிடமின்றி அவனுடைய பிழை. வலப்புறமிருந்து உயர்ந்து வந்த பந்துக்கு முன்னேறுவதா நிற்பதா எனத் தயங்கி, இரண்டுங்கெட்டவனாய் நின்றுவிட்டான். மாஸ்ரர் கூர்ந்து கவனித்தது அதற்குப் பின்வந்த ஐந்து நிமிடங்களையே. பிழை செய்த இளங்காப்பாளர் பெரும்பாலும் கோட்டோடு ஒட்டிக்கொள்வர். மீண்டும் வெளியே வரத் துணியார். இவனோ அடுத்த மூலை உதைக்கே முன்னேறி, நால்வர் தலைக்கு மேலே பந்தைக் கைப்பற்றினான்.

குறை இல்லாதவனல்லன். இடக்காலால் உதைத்தால் பந்து மைதானத்தின் நடுவையும் எட்டாது. அதனினும் பெருங்குறை, அவன் வாய் திறவாமை. முழு ஆட்டத்தையும் முன்னே காண்பவன் காப்பாளன் ஒருவனே. தற்காப்பு வீரரைப் பெயர்சொல்லிக் கூவி நிறுத்துவது அவன் கடமை. 2009 இல் மூன்று வயதுக் குழந்தையாக அவன் வவுனியா மெனிக் பாம் முகாமில் இருந்தமையோடு இம்மௌனத்தைத் தொடர்புபடுத்திப் பேசுவாரும் உளர். அவ்வயதில் அங்கிருந்தவருள் ஓயாது பேசுவோரும் உண்டு. எளிதிற் கிடைக்கும் விளக்கங்களை வன்னியில் உள்ளவர்கள் சற்று ஐயத்துடன் நோக்கப் பழகிக்கொள்ளுதல் நன்று.

“மூண்டு விட்டவனை எப்பிடி மாஸ்ரர் எடுக்கிறது? கேக்கிற சனத்துக்கு என்ன சொல்லுறது?” என்றார் தெரிவாளருள் ஒருவர்.

“சனத்துக்குக் கோலைச் சொல்லுங்கோ. எனக்கு அவன் நிண்ட இடத்தைச் சொல்லுங்கோ,” என்றார் மாஸ்ரர்.

சனத்துக்குப் பதில் சொல்லவேண்டிய பொறுப்பும் சிறிதன்று. அம்மனிதரை மூடர் என்று தள்ளிவிட முடியாது. நாளை அணி தோற்றால் தெருவில் மறித்துக் கேட்கப்படுபவர் அவரே. இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் முடிவாயிற்று. பாய்ந்தவன் முதற் காப்பாளன். இளையவன் மாற்றுக் காப்பாளன்.

இரண்டாமிடம் வறிய வீட்டுப் பிள்ளைக்கு வில்லங்கமானதோர் இடம். பயிற்சிக்குச் செல்லும் பஸ் செலவு முதலாமவனுக்குள்ள அளவே. ஆடக் கிடைக்கும் நிமிடங்களோ மிகச் சில. கரைவலை இழுக்க ஓராள் குறைந்தால் மற்றவர் தோள்களிலே அந்தப் பாரம் ஏறும். தகப்பன் மறுக்கவில்லை. வாடை பெயர்ந்து கடல் கொந்தளிக்கத் தொடங்கியபின் விரும்பியபடி ஆடலாம் என்றே கூறினார். அந்த மாதங்களில் மைதானமும் மழைநீருக்குள் கிடக்கும் என்பதை அவரும் அறிவார், மகனும் அறிவான்.

மறுநாள் மாலை, வலை இழுத்துக் கயிறு கன்றிய உள்ளங்கைகளோடு அவன் மைதானத்துக்கு வந்தான். மாஸ்ரரிடம் கொப்பியைக் கேட்டு வாங்கி, இரண்டாவது கோலுக்குரிய புள்ளியை நெடுநேரம் பார்த்தான்.

“எவ்வளவு பின்னுக்கு நிண்டனான், மாஸ்ரர்?”

“ரெண்டடி, தம்பி.”

அவன் கோல் வாயிலுக்குச் சென்று, முதல்நாள் நின்ற இடத்துக்கு இரண்டடி முன்னே குதிக்காலால் மண்ணில் ஒரு கோடு கீறினான். பின்னர், வலப்புற ஓரத்தில் பந்தோடு நின்ற சிறுவனைப் பெயர்சொல்லி, சற்றே உரத்து அழைத்தான்.