ஏழாவது கையெழுத்து

எங்கள் சேகரத்து ஐயரை மாற்றச் சொல்லி 1995 டிசம்பரில் பேராயருக்கு ஒரு மனு போனது. மொத்தம் இருபத்து மூன்று கையெழுத்து. ஏழாவது கையெழுத்து என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இப்போது கூட்டங்களில், "அந்தக் காலத்திலேயே ஐயருக்குத் தோள் கொடுத்தவர்" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். நானும் கேட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஐயர் என்றால் அந்த ஐயர் இல்லை. எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். சேரிக்குள் குடியிருக்கிற ஐயர், மாட்டுக்கறி தின்கிற ஐயர். அந்தக் காலத்தில் ஒட்டிக்கொண்ட பேர், போகவே இல்லை. "அண்ணேன்னு கூப்பிடுங்க" என்று அவரும் சொல்லிப் பார்த்தார். "சரிங்க ஐயிரே" என்றார்கள் கிழவிகள்.

அவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்தவர். அங்கே தியாபிலஸ் அப்பாவு வாத்தியாராக இருந்தார். 'பரட்டை' என்ற பேரில் பாட்டுக் கட்டியவர், 2005இல் காலமானார். கோயில் பாட்டு கர்நாடக ராகத்திலும் இங்கிலீஷ் மெட்டிலும்தான் இருக்க வேண்டுமா, நம்ம ஜனங்களோட மெட்டு கடவுளுக்கு ஆகாதா என்று கேட்டவர்களில் முக்கியமான ஆள். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் தின்பதுதான் திருவிருந்து என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். அந்தப் பள்ளியிலிருந்து, அம்பேத்கர் நூற்றாண்டு எழுப்பிவிட்ட வேகத்தோடு, எங்கள் ஐயர் செங்கல்பட்டுப் பக்கம் வந்து சேர்ந்தார்.

சபைகளில் 'தரிசனம்' என்று ஒரு வார்த்தை உண்டு. புதிதாக வருகிற ஒவ்வொரு ஐயரும் ஒரு தரிசனத்தோடுதான் வருவார். பெரும்பாலும் அது சிமெண்ட் தரிசனமாக இருக்கும். கோபுரம், சுற்றுச்சுவர், கல்யாண மண்டபம். "ஐயரோட தரிசனத்தை நாம தாங்கணும்" என்று ஜெபம் பண்ணிவிட்டு ரசீது புத்தகம் அடிப்போம். இவர் முதல் கமிட்டியிலேயே சொன்னார்: "எனக்குக் கோபுரம் வேணாம். அஞ்சு பறை வேணும். கோயிலுக்குள்ள, பலிபீடத்துக்கு முன்னால."

யாரும் பேசவில்லை. பொருளாளர் மட்டும் கணக்கு நோட்டை மூடினார்.

இங்கே என் நைனாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தாத்தா காலத்திலேயே நாங்கள் வேதத்துக்கு வந்தவர்கள். ஆனாலும் ஊர்ச் சாவுக்குப் பறையடிப்பது நிற்கவில்லை. ராத்திரி எந்நேரமானாலும் ஊரிலிருந்து ஆள் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுவான். போக வேண்டும். பொணம் எடுக்கிற வரைக்கும் அடிக்க வேண்டும். கூலி ஒரு மரக்கால் நெல்லும் கள்ளும். பறை பிசாசோட வாத்தியம் என்று பாதிரி சொன்னார். அது உன் தலையெழுத்து என்று ஊர் சொன்னது. நைனா இரண்டு பேச்சையும் கேட்கவில்லை, அடித்துக்கொண்டுதான் இருந்தார்.

1969இல் என் அக்கா செத்துப்போனாள். மூன்று வயசு, பேதி. அதே நாள் ஊரிலும் ஒரு சாவு. ஆள் வந்துவிட்டான். "எம் பொண்ணு செத்துட்டா சாமி" என்றிருக்கிறார் நைனா. "உன்னுது சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றான் வந்தவன். பகல் பூரா ஊர்ப் பொணத்துக்கு அடித்துவிட்டு, பொழுது சாய வந்து அக்காவைப் புதைத்தார். அன்றைக்கே பறையை அடுப்பில் வைத்துவிட்டார். அடுத்த சாவுக்கு எங்கள் சேரியிலிருந்து யாரும் போகவில்லை. அதற்கு ஊர் கொடுத்த கூலி, இரண்டு வைக்கோல் போர் எரிந்தது, ஒரு போகம் முழுக்க யாருக்கும் வேலை கிடையாது. செங்கல் சூளைக்குப் போய்ப் பிழைத்தோம். அதிலிருந்து எங்கள் சேரியில் பறை கிடையாது. அது இல்லாமல் இருப்பதுதான் எங்கள் வெற்றி.

அந்த இடத்தில் வந்து நின்றுகொண்டு ஐந்து பறை வேண்டும் என்கிறார் ஐயர்.

ஆனால் நான் மனுவில் கையெழுத்துப் போட்டது நைனாவுக்காக இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டேன், அவ்வளவுதான். நான் அப்போது அரசுப் பள்ளியில் தமிழ் வாத்தியார். டவுனில் வாடகை வீடு. டவுன் கோயிலில் என்னை 'பிரதர்' என்பார்கள், எந்தத் தெரு என்று யாரும் கேட்டதில்லை. சர்டிபிகேட்டில் நான் இந்து ஆதிதிராவிடர், கோயில் ரிஜிஸ்டரில் வேறு பேர். இந்த இரட்டை வாழ்க்கை எங்களில் எத்தனையோ பேருக்கு உண்டு. 1950இல் போட்ட குடியரசுத் தலைவர் ஆணை இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். ஞானஸ்நானம் எடுத்தவனைச் சேர்க்கவில்லை. ஊர்க்காரன் கண்ணுக்கு அவன் பறையன், கவர்மெண்ட் காகிதத்தில் மட்டும் இல்லை. இப்படி ஒளிந்து ஒளிந்து வாழ்கிறவனுக்குக் கோயிலில் பறைச் சத்தம் கேட்டால் எப்படி இருக்கும்? வாசலில் என் பேரைச் சொல்லி யாரோ கூப்பிடுவது மாதிரி இருந்தது.

மனுவில் 'தேவாலயத்தைச் சாவு வீடாக்குகிறார்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதைத் திருத்திக் கொடுத்தது நான்தான். தமிழ் வாத்தியார் இல்லையா.

விஷயம் அம்மா காதுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "உங்க நைனா வேணாம்னா அதுல ஞாயம் கீது. நீ எந்தப் பறையத் தூக்குன?"

சோறு இறங்கவில்லை.

அம்மா பெண்கள் சங்கத்தில் இருந்தாள். தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, மாதக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவந்து விற்பார்கள். பிடியரிசிக் காணிக்கை. இரண்டு வருஷப் பிடியரிசிப் பணம் பலிபீடத்துக்குப் புதுத் துணி வாங்கச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதை எடுத்து ஐயரிடம் கொடுத்தார்கள். ஒரு நிபந்தனை, பொண்ணுங்களும் அடிக்கணும். கமிட்டி ஆம்பளைகள் ஆறு மாதமாகப் பேசி முடிக்காததை இவர்கள் ஒரு மத்தியானத்தில் முடித்தார்கள்.

நான் ஐயரிடம் போய் ஏழாவது கையெழுத்து என்னுடையது என்றேன். "தெரியும்பா. அந்த மனு நல்ல தமிழ்" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

வேப்பமரச் சட்டம், கன்றுத் தோல், புளியங்கொட்டைப் பசை. திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் வந்து கற்றுக் கொடுத்தார், அடிக்குச்சி எந்தக் கை, சிண்டுக்குச்சி எந்தக் கை என்பதிலிருந்து. இந்த இடத்தில் நைனா வந்து, பிள்ளைகள் தோலைக் காய்ச்சுகிற பக்குவம் தப்பு என்று சொல்லித் தானே குச்சி பிடித்தார் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அவர் வரவில்லை. 1996 அறுப்பின் பண்டிகையன்று பறை கோயிலுக்குள் முழங்கியபோது நைனா வெளியே வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். உள்ளே சில கிழவிகள் அழுதார்கள். நாலைந்து பேர் எழுந்து போனார்கள். மூன்று பையன்களும் இரண்டு பெண்பிள்ளைகளும் நடுங்கிக்கொண்டே அடித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் என்னவோ செய்தது. அது சந்தோஷமா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் ஊரில் பெரிய வீட்டுச் சாவு. ராத்திரி பத்து மணிக்கு இரண்டு பேர் சேரிக்கு வந்தார்கள். "கோயில்ல அடிக்கிறீங்களாமே. அப்ப கை மறக்கல. வாங்கடா."

இருபத்தேழு வருஷமாக வராத கூப்பாடு.

அன்று ராத்திரியே கோயிலில் கூடினோம். அதுவரைக்கும் வாய் திறக்காத நைனா எழுந்தார். "ஐயிரே, உங்க தரிசனம் நல்ல தரிசனம்தான். ஆனா அது பகல்ல வந்த தரிசனம். ராத்திரில வந்து கதவத் தட்டுறவன் அதுல இல்ல." பிறகு அக்கா செத்த கதையைச் சொன்னார். சேரிக்கே தெரிந்த கதை, ஆனால் அவர் வாயால் யாரும் கேட்டதில்லை.

ஐயர் ரொம்ப நேரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். படித்தவர், பேசத் தெரிந்தவர், பறை நம்ம விடுதலைக் கருவி என்று ஒரு மணிநேரம் பேசக்கூடியவர். அன்றைக்கு அது எதையும் பேசவில்லை. "எனக்கு இது தெரியாமப் போச்சுப்பா. நீங்க சொல்லுங்க, இன்னா பண்ணலாம்?" என்று நைனாவைக் கேட்டார். அவருடைய தரிசனம் எங்களுடையதானது அந்த நிமிஷத்தில்தான் என்பேன். இயக்கத் தோழர்கள் சிலர் ஒத்துக்கொள்வதில்லை. பறையை எடுத்ததே கலகம், அதற்கு நிபந்தனை எதற்கு என்கிறார்கள். கதவு தட்டப்படாத வீட்டில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லலாம்.

நைனா சொன்னதைத் தீர்மானமாக எழுதினோம். கடவுளுக்கு அடிப்போம். சாவுக்கு அடிக்க மாட்டோம். ஊர்ச் சாவுக்கும் இல்லை, நம்ம சாவுக்கும் இல்லை. நம்ம சாவுக்கு அடித்தால், எங்களுக்கு ஏன் அடிக்கலைன்னு கேப்பான். மினிட்ஸ் புத்தகத்தில் எழுதியது நான்.

விடிந்ததும் ஐயர் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்தார். பின்னால் பதினொரு பேர். நான் கடைசி ஆள், அதுவும் அம்மா பார்த்துக்கொண்டிருந்ததால். செருப்போடு போனோம். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தோம்.

மறுநாளே வயலுக்குப் போகிற பாதையில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். அறுப்பு நேரத்தில் வேலை இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், "நீங்க கிறிஸ்டியன். வன்கொடுமைச் சட்டம் உங்களுக்குச் செல்லாது" என்றார்கள். 1989இல் வந்த அந்தச் சட்டம் பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும்தான். கிறிஸ்தவன் என்று காகிதம் வைத்திருக்கிறவன் அடி வாங்கினாலும் அதில் வர மாட்டான். அப்படியானால் புகாரில் கையெழுத்துப் போட யாருக்குத் தகுதி? சர்டிபிகேட்டில் இந்துவாக இருப்பவனுக்கு. பாதையை மறித்த அன்றைக்கு நானும் சேரியில்தான் இருந்தேன்.

ஐயர் கேட்கவே இல்லை. "உன் வேலை போயிடும், வேணாம்" என்றுதான் சொன்னார். நான் போட்டேன். தைரியம் என்று நினைக்க வேண்டாம், கை நடுங்கிக் கையெழுத்துக் கோணிப்போனது. பகல் முழுக்க ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தோம், வழக்குப் பதியவில்லை. கடைசியில் தாசில்தார் சமாதானக் கூட்டம் போட்டு, நாற்பது நாள் கழித்துப் பாதை திறந்தது. பிறகு யாரோ என் கல்யாண ரிஜிஸ்டரை நகலெடுத்துக் கல்வி அலுவலகத்துக்கு மொட்டைக் கடிதம் போட்டார்கள். இரண்டு வருஷம் விளக்கம் கேட்டு மெமோ வந்துகொண்டிருந்தது. டவுன் கோயிலில் அப்புறம் யாரும் என்னைப் 'பிரதர்' என்று கூப்பிடவில்லை.

1998இல் ஐயரை மாற்றினார்கள், மலையடிவாரத்தில் ஒரு சின்னச் சேகரத்துக்கு. எங்கள் மனுவாலா, வேறு காரணமா, சொல்லவில்லை. சாமான் ஏற்றும்போது பறையையும் கொண்டுபோகச் சொன்னோம். "பிடியரிசியில வாங்குனது. என்னுது இல்ல" என்றார்.

நைனா 2009இல் இறந்தார். பறை இல்லாமல்தான் எடுத்தோம். ஐயர் வந்திருந்தார்.

ஐயர் 2019இல் இறந்தபோது, தன் அடக்கத்துக்குப் பறையடிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். எங்கள் பிள்ளைகள் வேனில் ஐந்து பறையையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். மதுரையிலிருந்து வந்திருந்தவர்கள் கல்லறை வரைக்கும் அடித்துக்கொண்டே போனார்கள். எங்கள் குழு இறங்கவில்லை. நான் வேனுக்குப் போய், "அவரே கேட்டது, அடிங்க" என்றேன். முதல் வருஷம் அடித்த அந்தப் பெண்பிள்ளைதான் இப்போது குழுவுக்குத் தலைவி, பேரன் எடுக்கிற வயசு. "அண்ணே, மினிட்ஸ் புக்ல எழுதுனது நீங்கதானே" என்றாள்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. அவருக்கு மட்டுமாவது அடித்திருக்கலாம் என்று இன்னும் தோன்றுகிறது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் அவர்கள் பறையை எடுத்தார்கள். பிரசங்கம் இல்லை, காணிக்கை எடுக்கவில்லை. உச்சி வெயில் ஏறுகிற வரைக்கும் அடித்தார்கள்.