நாயின் காதும் வீட்டின் சுவரும்

மே 6, திங்கள்

எங்கள் நாய் கருப்பன் நேற்றிலிருந்து சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. உடம்பு கொதிக்கிறது. ஈறு வெளுத்துவிட்டது. அடிவயிற்றில் சிவப்புப் புள்ளிகள், காதுமடலுக்குள் உண்ணிகள். கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. எர்லிக்கியா. பழுப்பு நாய் உண்ணியின் கடி வழியே ஏறி, வெள்ளணுக்களுக்குள் குடியிருந்து பெருகும் பாக்டீரியா. டாக்ஸிசைக்ளின் மாத்திரை, 28 நாள். “நாலு நாள்ல எழுந்து ஓடுவான். அதைப் பார்த்துட்டு மாத்திரையை நிறுத்திடாதீங்கம்மா” என்றார்.

மே 8, புதன்

இன்று இந்த நோயைப் பற்றித் தேடிப் படித்தேன். 1935இல் அல்ஜீரியாவில் முதன்முதலாகக் கண்டறிந்திருக்கிறார்கள். வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படை நாய்கள் மூக்கில் ரத்தம் ஒழுகி ஏராளமாகச் செத்திருக்கின்றன. இன்றும் இதற்குத் தடுப்பூசி கிடையாது. உண்ணியை அண்டவிடாமல் பார்ப்பது ஒன்றே வழி.

மே 11, சனி

வீடு முழுக்க அலசினோம். நாயைக் குளிப்பாட்டினால் உண்ணி தீர்ந்துவிடாது. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் ஏறி, விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பொரிந்த குஞ்சு வளர்ந்து முடிக்கும்வரை ஒவ்வொரு பருவத்திலும் நாய்மேல் ஏறிக் குடித்துவிட்டு மறுபடி இறங்கிப் பதுங்கும். இரை கிடைக்காமலே பல மாதம் உயிரோடு இருக்கும். கருப்பன் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போட்டோம். நிலைக்கதவு இடுக்குகளைத் துடைத்து, சுவர் விரிசல்களைச் சிமெண்ட் வைத்து அடைத்தோம். மருத்துவர் எடை பார்த்து உண்ணிக்கொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். நம் வெயிலில் உண்ணிக்கு ஓய்வு மாதம் இல்லை. ஆண்டு முழுதும் தவணை தவறாமல் கொடுக்க வேண்டும்.

மே 12, ஞாயிறு

பக்கத்து வீட்டு அக்கா, “மண்ணெண்ணெய் தடவு, தானா விழுந்துடும்” என்றார். வேண்டாம் என்றேன். எண்ணெயோ நெருப்போ பட்டால் உண்ணி எச்சிலைக் காயத்துக்குள் கக்கக்கூடும். ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போட வேண்டும். நகத்தால் நசுக்கவே கூடாது. இதே நாய் உண்ணி ரிக்கெட்சியா கிருமியை மனிதருக்கும் ஏற்றும். கடும் காய்ச்சல், தலைவலி, உள்ளங்கை உள்ளங்காலிலும் சிவப்புத் தடிப்பு. அதற்கும் டாக்ஸிசைக்ளின்தான் மருந்து. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மருத்துவரிடம், “நாய் வளர்க்கிறோம், உண்ணி இருந்தது” என்று முதலிலேயே சொல்ல வேண்டும்.

ஜூன் 3, திங்கள்

மாத்திரை முடிந்தது. தட்டணுக்கள் ஏறிவிட்டன. கருப்பன் நன்றாகச் சாப்பிடுகிறான்.

நாய் வளர்ப்போருக்கு ஒரு வேண்டுகோள். தினமும் மாலையில் காது, விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி, வாலடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். பூனையும் வளர்த்தால், நாய்க்கான உண்ணி மருந்தை அதற்குத் தடவாதீர்கள். சில மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும். நோய் பரப்புவது உண்ணி. நாயைத் தொடுவதாலோ கொஞ்சுவதாலோ எர்லிக்கியா தொற்றாது. பயந்துபோய் நாயைத் தெருவில் விட்டுவிடாதீர்கள். நாய்மேல் உண்ணி ஏறாமல் காப்பவர் தன் குடும்பத்தையும் சேர்த்தே காக்கிறார்.