‘ஒரே ஒரு பெக்தானே!’

உடல் எடையைக் குறைக்கும் ஆபரேஷன் முடிந்து பதினான்கு மாதம். 118 கிலோவிலிருந்து 79க்கு வந்திருக்கிறேன். போன வாரம் மச்சினன் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, மொட்டை மாடியில் நண்பர்கள் கிளாஸை நீட்டினார்கள். "ஒரே ஒரு பெக்தானடா, என்ன ஆகிடும்?" அன்பாகத்தான் கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

எனக்குச் செய்தது ‘ஸ்லீவ்’ என்ற வகை. இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிட்டார்கள். இன்னொரு வகையான இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கோ குடித்தது இரைப்பையில் தங்காமல் நேரே சிறுகுடலுக்குப் போய், சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் உச்சத்தைத் தொடும். எத்தனை பெக் தாங்கும் என்ற பழைய கணக்கு இனி செல்லாது. கொஞ்சமாகச் சாப்பிடுகிற உடம்பில், குடித்தால் ரத்தச் சர்க்கரையும் சட்டென்று இறங்கலாம். அந்த மயக்கத்தைப் பக்கத்தில் இருப்பவர்கள் போதை என்று நினைத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். என் பெரிய பயம் அதுதான்.

2012இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் 7.6 சதவீதம் பேருக்கு இருந்த மதுச் சிக்கல், முதல் வருடம் கூடவில்லை; இரண்டாம் வருடம் 9.6 ஆனது. நான் இருப்பது அந்த இரண்டாம் வருடத்தில்.

முதல் ஆறு மாதம் தொடவே கூடாது. அதன் பிறகும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். வெறும் வயிற்றில் வேண்டாம். குடித்தால் வண்டிச் சாவி வேறொருவர் கையில் இருக்கட்டும்.

உங்கள் வீட்டிலும் இந்த ஆபரேஷன் செய்தவர் இருந்தால், தயவுசெய்து அவரிடம் கிளாஸை நீட்டாதீர்கள்.