எவ்வளவு நேரம் பிடிக்கும்?

எங்கள் பட்டறை வாயிலில் வண்டியை நிறுத்துகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டே. எவ்வளவு ஆகும்? எவ்வளவு நேரம் பிடிக்கும்? காஞ்சிபுரத்தில் கார்களுக்கும் வேன்களுக்கும் மின்சாதனங்கள் பொருத்தும் தொழிலில் பல ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு, இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே கேள்வி என்பது தெரியும். திரை, கேமரா, ஸ்பீக்கர் ஆகியவற்றின் விலை பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கிறது. அச்சிடப்படாதது உழைப்பின் நேரம் ஒன்றுதான். அதை நாங்கள் வாயால் சொல்லியாக வேண்டும். சொன்ன பின்னர் அது வாக்குறுதியாகிவிடுகிறது.

பெரிய தொழிற்சாலைகளில் இந்தச் சிக்கல் குறைவு. வேலையைச் சிறுசிறு அசைவுகளாகப் பகுத்துக் கடிகாரம் கொண்டு அளக்கும் முறையை விளக்கி, அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் 1911-இல் நூலொன்றை வெளியிட்டார். நம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் ஆலை போன்ற இடங்களில், ஒரே வேலை ஒரே வரிசையில் மீண்டும் மீண்டும் நடைபெறுகிறது. ஆகவே நேரத்தை முன்னரே கணித்துவிட முடிகிறது. எங்களிடம் வரும் வண்டிகளுக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் பின்புற உணர்கருவி கட்டாயமாகிவிட்டதால், அது ஆலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. எங்களைத் தேடி வருபவை பெரும்பாலும் பழைய வண்டிகள். உரிமையாளரின் விருப்பமோ வண்டிக்கு வண்டி வேறு.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். கோயில்களுக்கும் பட்டுக்கடைகளுக்கும் வெளியூர் மக்களை ஏற்றி வரும் வாடகைக் காருக்குப் பின்பக்கக் கேமராவும், திரையும், ஓர் ஆம்ப்ளிஃபயரும் வேண்டும் என்கிறார் உரிமையாளர். கேமராவைத் திருகிப் பொருத்த இருபது நிமிடம் போதும். அதன் வயரைப் பின்கதவின் ரப்பர்க் குழாய்க்குள் நுழைத்து, தரைவிரிப்பின் அடியில் ஓட்டி, டேஷ்போர்டுக்குக் கொண்டுவர இரண்டு மணி நேரம் ஆகும். ஆம்ப்ளிஃபயருக்குப் பேட்டரியிலிருந்தே தடித்த வயர் வரவேண்டும். எஞ்சினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் இடையிலுள்ள தகட்டில் துளையிட்டு, வயர் உராயாதபடி ரப்பர் வளையம் வைத்து, பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இணைக்க வேண்டும். பாடல் வரும் கேபிளை வண்டியின் மறுபக்கமாகக் கொண்டுசெல்ல வேண்டும். இல்லையேல் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து கேட்கும். வெயிலில் காய்ந்து இறுகிய பிளாஸ்டிக் கிளிப்புகளை உடைக்காமல் கழற்றவே தனிப் பொறுமை தேவை. கழற்றியதையெல்லாம் திரும்பப் பூட்டவும் வேண்டும். ஒரு முழு நாள் இப்படிக் கழிந்துவிடுகிறது. மாலையில் உரிமையாளர் காண்பதோ ஒளிரும் திரை ஒன்றைத்தான். அந்த நாளின் பெரும்பகுதி தரைவிரிப்பின் அடியில் மறைந்து கிடக்கிறது.

இக்காலக் கார்களில் இது இன்னும் நுட்பமாகிவிட்டது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய 'கான்' என்னும் முறையில், வண்டியின் பல பாகங்கள் இரண்டே வயர்களின் வழியாகத் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. முன்போல ஏதோ ஒரு வயரைச் சீவி, மற்றொன்றை முறுக்கி ஒட்டிவிட இயலாது. தொடுவதற்கு முன் ஆராய வேண்டும். ஆராயும் நேரமும் உழைப்புத்தான். கண்ணுக்குத் தெரியாததால் அதற்குக் கூலி கேட்கும்போது பலருக்கு முகம் சுளிக்கிறது.

நேரத்தைச் சொல்லும் கலையை எங்கள் ஊர் நெசவாளரிடம்தான் கற்க வேண்டும் என்பது என் எண்ணம். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. தனியாகச் சொல்லி நெய்யும் சேலைக்கு நாள் கேட்டால், அவர் மொத்தமாக ஒரு தேதியைச் சொல்லிவிடமாட்டார். உடலுக்கு இத்தனை நாள், முந்தானைக்கு இத்தனை நாள், உடற்பாவையும் முந்தானைப் பாவையும் இழை இழையாக இணைக்கும் பெட்னிக்கு இவ்வளவு என்று பகுத்துச் சொல்வார். கரையைக் கோர்வையாக நெய்வதென்றால், கரை நாடாவை வீச உடன் ஒருவர் வேண்டும். அவருடைய கூலியையும் அப்போதே எண்ணிவிடுவார். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட வெயில் தேவையல்லவா? ஆகவே இறுதியில், "மழை வந்தா என்னைக் கேக்காதீங்க முதலாளி" என்று சேர்த்துக்கொள்வார். தன் கையில் உள்ளதையும் தன் கையில் இல்லாததையும் அவர் பிரித்துக் காட்டிவிடுகிறார்.

எங்கள் தொழிலில் வழக்கம் வேறு. எதிர்க்கடைக்குப் போய்விடுவாரோ என்ற அச்சத்தில், ஒரு நாள் வேலையை அரை நாள் என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அந்த அரை நாள் காற்றில் கரைந்து போவதில்லை. யாரோ ஒருவர் அதைக் கொடுத்தே தீரவேண்டும். நான் தொழில் பழகிய பட்டறையில் அதைக் கொடுத்தவர்கள் பையன்களாகிய நாங்கள். விடிந்தால் திருமணத்துக்குப் போகவேண்டிய வண்டி என்று சனிக்கிழமை இரவு முழுவதும் டார்ச் ஒளியில் குனிந்திருப்போம். ஞாயிறு காலைத் திருப்பலிக்கு மணி ஒலிக்கும்போது வண்டியின் அடியில் படுத்திருப்போம். கூலி மட்டும் அரை நாளுக்கே. தூக்கக் கலக்கத்தில் சால்டர் வைக்க வேண்டிய இணைப்பை டேப் சுற்றி முடித்தால், அல்லது ஃபியூஸை விட்டுவிட்டால், பின்னொரு நாள் உராய்ந்த வயர் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். குறைத்துச் சொன்ன மணி நேரம், முன்பின் அறியாத ஒரு பயணியின் உயிர்மேலும் போய் விழுகிறது.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடமாட்டானா என்று நம் ஆண்டவர் லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் கேட்கிறார். சீடத்துவத்தைப் பற்றிய அந்தக் கேள்வியைப் பட்டறையில் நிற்கும்போதும் நான் நினைப்பதுண்டு. மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உவமையும் நாம் அறிந்ததே. கடைசி மணி நேரத்தில் வந்தவருக்கும் முழு நாள் கூலி கொடுத்தார் அந்த நிலக்கிழார். அதற்காக அவர் காலையில் வந்தவரின் கூலியில் ஒரு காசும் குறைக்கவில்லை. தம் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். தாராளம் என்றால் அதுதான். பிறருடைய உறக்கத்தை எடுத்து வாடிக்கையாளருக்குச் சலுகை காட்டுவது தாராளமாகாது.

ஒப்பந்தம் செய்துகொண்டார்கள் என்பதாலேயே கூலி நீதியானதாகிவிடாது என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் தம் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் எடுத்துரைத்தார். உழைப்பின் மாண்பு முதன்மையாக அதைச் செய்கின்ற மனிதரிடமே இருக்கிறது என்று 1981-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் விளக்கினார். இப்போதனைகள் ஆலைகளுக்கும் அரசுகளுக்கும் மட்டுமா? இரண்டு பையன்கள் வேலை செய்யும் தகரக் கொட்டகைக்கும் உரியவைதாமே!

என் பட்டறைச் சுவரில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. வண்டி உள்ளே வருமுன் கழற்ற, வயர் ஓட்ட, இணைக்க, சோதிக்க, திரும்பப் பூட்ட என்று தனித்தனியே மணி எழுதுகிறேன். கீழே 'திறந்து பார்த்த பின்' என்று ஒரு வரி உண்டு. நெசவாளர் சொல்லும் மழை அது. அந்த வரியில் ஏதேனும் சேர்ந்தால் உரிமையாளரை அழைத்துக் காட்டி, அவர் இசைந்த பிறகே தொடர்கிறோம். சிலர் பலகையைப் படித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். வருவாய் குறையத்தான் செய்கிறது. நிற்பவர்களோ, ஒருநாளும் எண்ணிப் பார்த்திராத உழைப்பை வரி வரியாகப் படிக்கிறார்கள். பையன்கள் ஏழு மணிக்குக் கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.